மறதி நோய்க்கு ஒரு வாயில்லாத் துணை

சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம்கூடக் காயாது, "இன்னும் எனக்குச் சோறு போடலியே" என்று வயதானவர்கள் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அது பிடிவாதமல்ல சகோதரிகளே, மூளையில் வருகிற நோய். 1906-ல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் இதை விவரித்தார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் நாட்டில் அறுபது வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு ஏதோ ஒரு வகை மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெண்களுக்குத்தான் அதிகமாம்.

எங்கள் ஒரகடம் பக்கத்தில் இதை வைத்துச் சமாளிப்பது சாமானியமில்லை. விடியுமுன்னே ஃபாக்டரி பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். ஆம்பளைங்க ஷிப்டுக்குப் போனால் வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். கொஞ்சம் நடந்தால் வண்டலூர் – வாலாஜாபாத் சாலை, கன்டெய்னர் லாரிகள் பறக்கும். "எங்க அப்பா வீட்டுக்குப் போறேன்" என்று அத்தை செருப்பை மாட்டும்போது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். நான் எதைப் பார்ப்பது?

கை கொடுத்தது எங்கள் மணி. சாதாரண நாட்டு நாய். அத்தைக்கு என் பெயர் மறந்து இரண்டு வருஷமாச்சு. மணியைப் பார்த்தால் மட்டும், "வாடா கருப்பா, சாப்டியா?" என்பார். கருப்பன் அவர் பிறந்த வீட்டு நாயாம், அறுபது வருஷத்துக்கு முந்தின கதை! அது காலடியில் படுத்துவிட்டால் கிளம்புகிற பேச்சே கிடையாது. தலையைத் தடவியபடி உட்கார்ந்திருப்பார். எனக்குச் சமையல் முடிந்துவிடும். நாய்மேல் கொஞ்சம் பொறாமைகூட வரும், போங்கள்!

வெளிநாடுகளில் இதை முறையாகவே செய்கிறார்கள். ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்ற பெண்மணி 1991-ல் 'டாக்டர் டாக்' என்ற திட்டத்தைத் தொடங்கி, சாதுவான நாய்களை ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துப் போனார். நம் சென்னை புளூ கிராஸும் அதில் சேர்ந்து நடத்தியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் மணி அடித்ததும் மருந்துப் பையைக் கவ்வி வந்து கொடுக்கவே நாய்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

அதற்காக நாய் வந்தால் நோய் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். 2019-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், மனச்சோர்வு சற்றே குறையலாம் என்றுதான் சொன்னார்கள். போன ஞாபகம் திரும்பாது. டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.

நாயைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். துள்ளுகிற குட்டி ஆகாது. முட்டித் தள்ளிவிட்டால் இடுப்பெலும்பு போச்சு! வயதானவர் தோல் காகிதம் மாதிரி, அதனால் நகத்தை வெட்டி விடுங்கள். வெறிநாய்க்கடி ஊசி வருஷம் தவறாமல் போடணும், பூச்சி மருந்தும் கொடுக்கணும். நாய் தின்னும்போது பெரியவரைக் கிட்டே விடாதீர்கள். தெரியாமல் வாலை இழுத்துவிடுவார்கள். பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

சின்ன வயசிலிருந்தே நாய்க்குப் பயந்தவராக இருந்தால் இந்த யோசனையே வேண்டாம். நாய் வளர்க்க இடமில்லாதவர்கள், பக்கத்து வீட்டுச் சாதுவான நாயைச் சாயங்காலம் அரைமணி நேரம் திண்ணைக்கு வரவழைத்துப் பாருங்கள். வாசல் கதவின் மேல்தாழ்ப்பாளை மட்டும், நாய் இருக்கிறதே என்று போடாமல் விடாதீர்கள்.