மனுவில் யாருடைய சொல்?



வன்கொடுமை வழக்கு உடைவது பெரும்பாலும் குறுக்கு விசாரணையில். ஆனால் உடையப்போகும் இடம் முதல் நாள் மனுவிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ‘ஆபாசமாகவும் சாதிப் பெயரைச் சொல்லியும் திட்டி’ என்ற வாசகம் இல்லாத மனு அரிது. எந்தச் சொல்லால் திட்டினார் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும்போது கூண்டில் நிற்கும் பெண் திகைக்கிறார். அந்தச் சொல்லை அதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை. பேச்சுமொழியை அச்சேற்றப் போராடியது தலித் இலக்கியம். மனுவில் மட்டும் இன்றும் எழுத்தரின் மொழி!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களிடம் முதல் சுற்றில் நாம் பேனாவை எடுப்பதில்லை. நேற்று நடந்த அடிதடியைச் சொல்ல வந்தவர் பழைய கோயில் திருவிழாத் தகராறிலிருந்து தொடங்குவார். தொடங்கட்டும். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கேள்விகள் இரண்டாம் சுற்றில். கடிகாரம் பார்த்து வாழாதவரை ‘எத்தனை மணி?’ என்று நெருக்கினால், நமக்காக ஒரு மணியைச் சொல்லிவிடுவார். பின்னால் அதுவே அவரைப் பொய்யராக்கும். கடைசி பஸ் போவதற்கு முன்பா, பின்பா என்று கேட்டால் போதும்.

செங்கல் சூளையிலிருந்து வரும் இருளர் குடும்பத்துக்கு வாங்கிய முன்பணம் எவ்வளவு என்று தெரியாமல் இருக்கலாம். அதற்காக அதட்டுகிறவர்கள் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைப் படிக்கவில்லை என்று பொருள். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, 15ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவருடையது.

வன்கொடுமைச் சட்டத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது ‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நடந்திருக்க வேண்டும். ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. உடனே சிலர், ‘தெருவுல வச்சுத்தானே திட்டினான்?’ என்று பதிலை ஊட்டுகிறார்கள். ‘அப்ப நீங்க எங்க நின்னீங்கம்மா? பக்கத்துல யார் யார் இருந்தாங்க?’ இவ்வளவே நம் கேள்வி.

1993இல் அத்தியூரில் ஓர் இருளர் பெண்ணுக்குப் புதுச்சேரிக் காவலர்கள் இழைத்த கொடுமையைப் பேராசிரியர் கல்யாணி கையிலெடுத்தார். விழுப்புரம் நீதிமன்றத் தீர்ப்பு வர 2006 ஆயிற்று. காவல் நிலையம், மருத்துவமனை, நடுவர், நீதிமன்றம் என்று இத்தகைய வழக்கில் ஒரு பெண் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஆர்வத்துக்காக இன்னொரு முறை சொல்லவைக்கக் கூடாது. பெண் தோழர் ஒருவர் கேட்பதே முறை.

பாணி ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் ‘யக்கா’ என்று உறவு சொல்லிப் பேச வைப்பார்; ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். இரண்டும் சரியே. வாக்குறுதி கொடுக்கும் பாணிதான் ஆபத்து. ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வருவார்கள், வயல் வேலை நின்றுபோகலாம், நிவாரணத் தொகை கட்டம் கட்டமாகத்தான் வரும் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் கேட்க 15ஏ பிரிவு இருப்பதையும் சொல்ல வேண்டும். வழக்கு நடத்துவதா என்ற முடிவு அவருடையது. நம் இயக்கத்துக்கு ஒரு வழக்கு தேவைப்படுகிறது என்பதற்காக யாரையும் தள்ளக் கூடாது.

எழுதி முடித்ததை அவருக்கே உரக்கப் படித்துக் காட்டுங்கள். ‘நான் அப்படிச் சொல்லலியே தம்பி’ என்றால் அந்த வரியை அடித்துவிட்டு அவர் சொல்கிறபடி எழுதுங்கள். கையெழுத்தோ கைநாட்டோ அதற்குப் பிறகு.