தோட்டத்துத் திடல் முதல் பாரோய் அரங்கம் வரை: நெகிரி செம்பிலான் காற்பந்தின் கதை என்ன?

சிரம்பான் பாரோய் அரங்கத்தில் ஆட்டம் நடக்கும்போது "ஹோபின் ஜாங் ஹோபின்" என்ற முழக்கத்தைக் கேட்டிருப்பீர்கள். நெகிரி செம்பிலான் பேச்சுவழக்கில் 'ஜாங்' என்றால் பையன். 'ஹோபின்' என்றால் வெளுத்து வாங்கு. நம்ம பேச்சில் சொன்னால், "அடி தம்பி, அடி!"

ஜாங் அணியின் தொடக்க ஆண்டாக 1923 குறிக்கப்படுகிறது. நூறு வயதைத் தாண்டிவிட்ட அணி. மலேசியாவில் இந்தியர்களின் விகிதம் அதிகமாக உள்ள மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று. 2010 மக்கள்தொகைக் கணக்கின்படி, இங்கே ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் இந்தியர். இவர்களில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டி ஏதாவதொரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள்தான்.

அப்படியானால், இந்த அணியின் கதையில் தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? இப்போது எங்கே இருக்கிறார்கள்?

போர்க்கப்பல் கொடுத்த கிண்ணம்

கதை ஒரு போர்க்கப்பலில் தொடங்குகிறது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் பிரிட்டிஷ் ஆட்சியில் 'கூட்டு மலாய் மாநிலங்கள்' என்று அழைக்கப்பட்டன. இவை பணம் கொடுத்து பிரிட்டனுக்குக் கட்டிக்கொடுத்த கப்பலின் பெயர் 'எச்.எம்.எஸ். மலாயா'. முதல் உலகப் போரில், 1916ல் ஜட்லாந்து கடற்போரில் அது சண்டையிட்டது.

1921ல் அந்தக் கப்பல் மலாயாவுக்கு வந்தது. மாலுமிகள் உள்ளூர் அணிகளோடு விளையாடினார்கள். கிளம்பும்போது இரண்டு கிண்ணங்களைப் பரிசாகக் கொடுத்தார்கள், ஒன்று காற்பந்துக்கு, இன்னொன்று ரக்பிக்கு. அந்தக் காற்பந்துக் கிண்ணம்தான் மலாயா கிண்ணம். 1967 முதல் அதை மலேசியக் கிண்ணம் என்கிறோம்.

அந்த மாநிலங்களின் வருமானத்துக்கு அப்போது பெரிய ஆதாரம் வெள்ளீயமும் ரப்பரும். ஈயச் சுரங்கத்தில் பெரும்பாலும் சீனர்கள், ரப்பர் தோட்டத்தில் பெரும்பாலும் தமிழர்கள். அரங்கத்துக்குள் போகும் முன்பே, தோட்டத்து உழைப்பு இந்த விளையாட்டுக்குள் வந்துவிட்டது.

தோட்டத்தில் ஏன் காற்பந்து?

இதற்குக் காரணம் பால்மரத்தின் இயல்பு. விடியற்காலையில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு பிரட்டு, பிறகு மரம் சீவல், மதியத்துக்குள் பால் எடுத்து நிறுத்துக் கொடுத்தால் வெளிக்காட்டு வேலை முடிந்தது. சாயங்காலம் இளைஞர்கள் கையில் நேரம் இருந்தது.

இடமும் இருந்தது. ஒரு பழைய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள்: லயன் வீடுகள், கோயில், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, நடுவில் ஒரு திடல். பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தச் சொன்னது காலனி ஆட்சியின் தொழிலாளர் சட்டம். திடலை விட்டுவைத்ததில் நிர்வாகத்துக்கும் லாபம்தான். தொழிலாளர்கள் வேறு தோட்டத்துக்குப் போகாமல் இருக்க விளையாட்டும் ஒரு வழி.

ஒரு பந்து போதும், இருபது பேர் விளையாடலாம். காலணி கட்டாயம் இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் அணி, திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் போட்டி என்று அந்த உலகம் தானாகவே இயங்கியது. நன்றாக ஆடுகிற பையன் பக்கத்துத் தோட்டத்துக்குத் தெரிவான், பிறகு மாவட்டத்துக்கு, பிறகு மாநிலத்துக்கு. ஆட்டக்காரரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைத் திடலே செய்தது.

ஜாங் என்ன வென்றது?

1948ல் மலாயா கிண்ணம். அதோடு நீண்ட மௌனம். அதே கிண்ணம் மறுபடி கைக்கு வர 61 ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் நிறைய மாறியது. 1989ல் அரைத் தொழில்முறை லீக் வந்தது, 1994ல் முழுத் தொழில்முறை லீக். பாரோயில் துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம் எழுந்தது. ரிங்கிட் நோட்டில் நீங்கள் தினமும் பார்க்கும் அதே முகம்தான், நாட்டின் முதல் மாமன்னரான நெகிரி செம்பிலான் ஆட்சியாளர்.

பொற்காலம் 2000களில் வந்தது. 2003ல் எஃப்.ஏ. கிண்ணம். 2005-06 பருவத்தில் சூப்பர் லீக் பட்டம். 2009ல் கிளந்தானை 3-1 என்று வென்று மலேசியக் கிண்ணம். 2010ல் மீண்டும் எஃப்.ஏ. கிண்ணம். 2011ல் திரெங்கானுவை 2-1 என்று வீழ்த்தி மறுபடியும் மலேசியக் கிண்ணம்.

அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரர்களில் ஒருவர் எஸ். குணாளன். 2010ல் ஆசியான் வெற்றியாளர் பட்டத்தை முதன்முறையாக வென்ற மலேசிய அணியிலும் அவர் இருந்தார். அந்தத் தேசிய அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபால்.

பிறகு சரிவு. அணி இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது. 2021ல் பிரிமியர் லீக் பட்டத்தை வென்று மேலே ஏறியபோது பயிற்றுநராக இருந்தவர் கே. தேவன். அடுத்த ஆண்டே சூப்பர் லீக்கில் நான்காம் இடம்.

சங்கம் எப்படி கிளப் ஆனது?

பல காலமாக ஜாங் ஒரு கிளப்பே இல்லை. மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் அணி, அவ்வளவுதான். சம்பளத்துக்குப் பணம் பெரும்பாலும் மாநில அரசு, அரசு சார்ந்த நிறுவனங்கள் என்று வரும். அரசியல் மாறினால் பட்ஜெட்டும் மாறும்.

இதை மாற்றத்தான் மலேசியக் காற்பந்துச் சங்கம் தனியார்மயத்தைக் கொண்டுவந்தது. 2021 பருவத்தையொட்டி மாநில அணிகள் சங்கத்திலிருந்து பிரிந்து நிறுவனங்களாகப் பதிவாயின. பெயருக்குப் பின்னால் இருந்த 'எஃப்.ஏ.' போய் 'எஃப்.சி.' வந்தது இப்படித்தான்.

இது மலேசியாவில் மட்டும் நடந்ததல்ல. மியன்மாரில் ஒரு காலத்தில் முன்னணி அணிகள் அமைச்சுகளின் அணிகள். நிதி, வருவாய்த் துறைக்கே ஒரு பலமான அணி இருந்தது. 2009ல் அங்கே தேசிய லீக் தொடங்கியபோது, வட்டாரப் பெயர்களில் புதிய கிளப்புகள் உருவாகி, தொழிலதிபர்கள் கைக்குப் போயின.

நிறுவனமானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. டிக்கெட், ஸ்பான்சர், ஒளிபரப்பு உரிமை ஆகியவற்றிலிருந்து வரும் பணம் சம்பளத்துக்குப் போதவில்லை என்றால், கிளப்பே மூடப்படலாம்.

நம்மவர்களுக்கென்று ஒரு கிளப் இருந்ததே?

இருந்தது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அடியில் வளர்ந்த மிஃபா அணி 2017ல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கே போனது. பி. மணியம் பயிற்சியில், வெளிநாட்டு ஆட்டக்காரர்களே இல்லாமல் முழுக்க உள்ளூர்க்காரர்களோடு களமிறங்கிய அணி அது.

2022 பருவத்துக்குப் பிறகு அது லீக்கிலிருந்து விலகியது. அதே நேரத்தில் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கும் நிறுத்தப்பட்டது. இளம் ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே ஆடிப் பழகிய இடங்கள் இப்படி ஒரே சமயத்தில் குறைந்தன.

அப்போ, ஆட்டக்காரர்கள் எங்கே?

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணித் தலைவர் எம். சந்திரன். 1980ல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற அணியின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம். புறக்கணிப்பு காரணமாக மலேசியா அங்கே போகவில்லை. அந்தத் தலைமுறைத் தேசிய அணியில் இந்தியப் பெயர்கள் சாதாரணம். இன்று விரல் விட்டு எண்ணலாம்.

"நம்ம பசங்களுக்கு ஆர்வமில்லை" என்று சிலர் சொல்வார்கள். அது பாதிப் பதில்கூட இல்லை. ரப்பர் போய் செம்பனை வந்தது. அதற்குக் குறைவான ஆட்கள் போதும். செண்டாயான், நீலாய் பக்கம் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் சிரம்பான், செனவாங் என்று அடுக்குமாடி வீடுகளுக்கு நகர்ந்தன. கோயிலைப் பலர் போராடிக் காப்பாற்றினார்கள். பள்ளியும் பல இடங்களில் தப்பியது. நெகிரி செம்பிலானில் இன்றும் சுமார் 60 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், கெடிஸ் என்று தோட்டத்தின் பெயரையே பல பள்ளிகள் சுமக்கின்றன. திடலுக்காகப் போராடியவர்கள் குறைவு.

முன்பு வீட்டு வாசலில் இலவசமாகக் கிடைத்த ஒன்று, இப்போது அகாடமிக் கட்டணம், காலணி, பெட்ரோல் என்று மாறிவிட்டது. அப்பா சனிக்கிழமையும் ஷிஃப்ட் வேலைக்குப் போனால், பையனைப் பயிற்சிக்கு யார் கொண்டுபோய் விடுவது?

இப்போது என்ன வழி?

வழி முழுக்க அடைபடவில்லை. 2014ல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் சிறு வயதுப் பிள்ளைகளுக்கு வட்டாரப் பயிற்சி மையங்களை நடத்துகிறது. சிறந்தவர்கள் பகாங், கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமிக்குப் போகலாம். சூப்பர் லீக் கிளப்புகளின் இளையர் அணிகளுக்குத் தனிப் போட்டிகள் உண்டு. பள்ளி, மாவட்ட அணிகளில் பெயர் வந்தால்தான் இந்த வாசல்கள் திறக்கும்.

உங்கள் வீட்டில் பந்தை விடாத தம்பி, தங்கை இருந்தால், மாவட்டத் தேர்வு எப்போது என்று பள்ளியின் விளையாட்டு ஆசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள். வண்டி இருக்கும் பெற்றோர் நான்கு பிள்ளைகளைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனால், மூன்று குடும்பத்துக்குப் பெட்ரோல் மிச்சம். உங்கள் குடியிருப்பில் இன்னும் ஒரு திடல் மிஞ்சியிருந்தால், அது யார் பெயரில் இருக்கிறது என்றும் விசாரித்து வையுங்கள்.