டிக்டேஷனில் ஒரு சின்ன மாற்றம்

இங்கிலீஷ் வகுப்பில் புதுசாக ஏதாவது செய்யணும் என்றாலே நம் ஆசிரியர்கள் சார்ட் பேப்பரையும் புரொஜெக்டரையும் தேடுகிறார்கள். நான் சொல்லப்போவதற்கு ஒரு சாக்பீஸ் இருந்தால் போதும். பெயர் டிக்டோகிளாஸ். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூத் வாஜ்ன்ரிப் 1990இல் வெளியான 'கிராமர் டிக்டேஷன்' என்ற புத்தகத்தில் இதை விரிவாக எழுதினார்.

நமக்குத் தெரிந்த டிக்டேஷனில் ஆசிரியர் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். பிள்ளையின் கை எழுதும், மனசு கிரவுண்டில் இருக்கும். இதில் நிறுத்துவதே கிடையாது. ஐந்தாறு வரிகளைப் பேசுகிற வேகத்தில் வாசிக்க வேண்டும். முதல் தடவை பேனாவைத் தொடக் கூடாது. இரண்டாம் தடவை காதில் விழும் முக்கியமான சொற்களை மட்டும் கிறுக்கிக்கொள்ளலாம். முழுசாகப் பிடிக்க முடியாது. பிடித்துவிட்டால் நாம் மெதுவாக வாசித்துவிட்டோம் என்று அர்த்தம். பிறகு நாலு நாலு பேராக உட்கார்ந்து, அவரவர் கையில் சிக்கியதை ஒன்றுசேர்த்து அந்தப் பத்தியைத் திரும்ப எழுத வேண்டும்.

அங்கேதான் வேடிக்கை ஆரம்பிக்கும். "வென் ரவி ரீச்ட் தி ஸ்டாப், தி பஸ் ஹேட் லெஃப்ட்" என்று வாசித்ததாக வையுங்கள். தாளில் இருப்பது ரவி, ஸ்டாப், பஸ், லெஃப்ட். ஒருத்தி "தி பஸ் லெஃப்ட்" என்று எழுதுவாள். பக்கத்தில் இருப்பவள், "இல்லடி, நடுவுல ஏதோ வந்துச்சு" என்பாள். ஹேஸா, ஹேடா? இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? 'ஹேட்' இல்லையென்றால் ரவி வந்து சேர்ந்தபோதுதான் பஸ் கிளம்பியது. இருந்தால், அவன் வருவதற்கு முன்பே போய்விட்டது. பஸ்ஸின் பின்பக்கத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. பாஸ்ட் பெர்ஃபெக்ட்டுக்கு விதி எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் இந்தச் சண்டை வருமா? சண்டை தமிழில் நடந்தால் நடக்கட்டும். சண்டை எதைப் பற்றி என்பதுதான் எனக்கு முக்கியம். கடைசியில் மூலப் பத்தியைப் போர்டில் எழுதி, ஒவ்வொரு குழுவும் எழுதியதோடு ஒப்பிட வேண்டும்.

கதைப் பாடத்துக்கும் இதே உத்திதான். ஏதாவது ஒன்று குறைய வேண்டும், பிள்ளை அதைத் தேட வேண்டும். 2019இல் வந்த நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தில் 'தி டையிங் டிடெக்டிவ்' என்ற ஷெர்லாக் ஹோம்ஸ் கதை இருக்கிறது. கேள்வி பதில் எழுதிப் போடாமல், "ஹோம்ஸ் வாட்சனிடம் என்னென்ன பொய் சொன்னார், ஒவ்வொன்றும் எதற்கு?" என்று கேளுங்கள். பக்கத்தில் வந்தால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று வாட்சனைத் தள்ளி நிறுத்துகிறாரே, அது ஏன்? வாட்சன் டாக்டர், தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லையென்று தெரிந்துவிடும். பொய்களை எல்லாம் பட்டியல் போட, பாடத்தை இன்னொரு தடவை வாசித்தே ஆக வேண்டும்.

செய்து பார்ப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். கேட்டதும் புரிகிற பத்தியாக எடுங்கள், கடினமான சொல் ஒன்றிரண்டு இருந்தால் முன்பே போர்டில் எழுதிவிடுங்கள். இன்றைக்கு என்ன கிராமர் என்பதை மட்டும் பீரியட் தொடக்கத்திலேயே சொல்லிவிடாதீர்கள்.