நொடிப்பொழுது வெளிச்சம்



நம் வீட்டுப் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ தோலுறையிட்ட பழைய கேமரா ஒன்று உறங்கிக் கிடப்பதைப் பலரும் அறிவீர்கள். சவூதியிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறையில் வந்த வாப்பாவோ மாமாவோ ஆசையாக வாங்கி வந்தது அது. அதனருகில் கைக்கடக்கமான பிளாஷ் கருவியும் இருக்கும். கைபேசி வந்த பின்னர் அவை இரண்டும் மறக்கப்பட்டன. ஆனால் இன்று கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் சிலர் அவற்றைத் தேடியெடுத்து, பிலிம் வாங்கிப் போட்டு, மீண்டும் படம் பிடிக்க முற்படுகிறார்கள். நல்ல ஆர்வம்தான். எனினும் அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்கியிருக்கும் ஒளியின் வரலாற்றையும், அதனால் விளையக்கூடிய விபத்துகளையும் அவர்களும் நாமும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இருட்டறையும் விளக்குகளும்

கேமராவின் மூலத் தத்துவத்தை ஆராய்ந்தோரில் முதன்மையானவர் இப்னுல் ஹைதம் அவர்கள். ஏறத்தாழ கி.பி. 965இல் பஸ்ராவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் மறைந்த பேரறிஞர். தமது 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் ஒரு சோதனையை அவர் விவரிக்கிறார். சிறு துளையுள்ள இருட்டறையின் முன்னே பல விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாகத் தனித்தனி ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டுமே மறைந்தது. அத்தனை ஒளிக்கதிர்களும் அந்த ஒரே துளையின் வழியே சென்றும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை; ஒவ்வொன்றும் நேர்கோட்டிலேயே சென்றது. இன்றைய கேமரா என்பது, அந்த இருட்டறையின் துளையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பொருத்தியதே என்றால் மிகையாகாது.

ஆனால் இருட்டறைக்கு வெளியே வெளிச்சம் இல்லையெனில் என் செய்வது? புகைப்படக்கலை தோன்றி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வரை, படம் எடுப்போர் பெரும்பாலும் சூரியனை நம்பியே இருந்தனர்.

பொடி வெளிச்சம்

1887ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த அடோல்ஃப் மீத்தே, யோகன்னஸ் கேடிக்கே என்னும் இருவர், மெக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து கொளுத்தினால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் ஒரு நொடிப்பொழுதில் தோன்றும் என்று காட்டினர். மறுவருடமே, 1888இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நூறு படங்களுக்கான பிலிம் அதற்குள்ளேயே இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். கழுவும் வேலை தெரியாதவரும் படம் எடுக்கலாம் என்றாயிற்று. இவ்வாறாக, எளிய கேமராவும் செயற்கை வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பொதுமக்களின் கைக்கு வந்து சேர்ந்தன. விபத்துகளும் கூடவே வந்தன.

நியூயார்க் நகரில் ஜேக்கப் ரீஸ் என்னும் செய்தியாளர் இருந்தார். டென்மார்க்கிலிருந்து 1870இல் பிழைப்புத் தேடிச் சென்றவர். காற்றும் வெளிச்சமும் புகாத குடியிருப்புகளில் ஏழைகள் படும் அவதியை அவர் எழுதி எழுதிப் பார்த்தார், எவரும் செவிசாய்க்கவில்லை. ஒருநாள் காலைச் சிற்றுண்டியின்போது, இந்தப் பொடி வெளிச்சம் பற்றிய சில வரிச் செய்தியொன்றை நாளிதழில் கண்டார். இருளில் மறைந்து கிடப்பதை உலகுக்குக் காட்ட வழி பிறந்துவிட்டதென்று துள்ளினார். தம் நண்பர்களான அமெச்சூர் புகைப்படக்காரர்களை உடனழைத்துக்கொண்டு நள்ளிரவில் புறப்பட்டார். பின்னர் தாமே கேமரா வாங்கிக் கற்றுக்கொண்டார்.

தொடக்கத்தில், பொடியைத் தோட்டாவில் அடைத்துத் துப்பாக்கி போன்ற கருவியால் கொளுத்தினார்கள். நள்ளிரவில் கதவைத் தள்ளிக்கொண்டு துப்பாக்கியோடு நுழைவோரைக் கண்டால் யார்தான் நடுங்கமாட்டார்கள்? குடியிருந்தோர் அலறி ஓடினர். ஆகவே ரீஸ் துப்பாக்கியை விட்டுவிட்டு, வாணலியில் பொடியைப் பரப்பிக் கொளுத்தத் தொடங்கினார்.

ஒருமுறை, பார்வையற்ற யாசகர் ஐவர் தங்கியிருந்த மாடியறையில் படம் எடுத்தார். வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்து அடங்கிய பிறகு பார்த்தால், சுவரில் தொங்கிய காகிதங்களும் கந்தல்களும் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தன. அறையிலிருந்த ஐவருக்கும் கண் தெரியாது. தம்மைச் சூழ்ந்த ஆபத்தையும் அவர்கள் அறியார். கீழே இறங்கவோ கோணல்மாணலான ஆட்டங்காணும் படிக்கட்டுகள். ரீஸ் ஒருவராகவே போராடித் தீயை அணைத்தார். கீழே வந்து ஒரு காவலரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தாராம். சுவரில் அழுக்கு அத்தனை கனமாகப் படிந்திருப்பதால், அந்தக் கட்டிடத்தில் தீப்பிடித்தாலும் எரியாது என்பது அவருடைய விளக்கம்! இன்னொரு முறை பொடியின் வீச்சு ரீஸின் முகத்திலேயே அடித்தது. மூக்குக்கண்ணாடி அணிந்திருந்ததால் பார்வை தப்பியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அப்படங்களோடு 1890இல் அவர் வெளியிட்ட நூல், நியூயார்க் நகரின் மனச்சாட்சியை உலுக்கியது. அவர் போராடிய மல்பெரி வளைவு என்னும் நெருக்கடிக் குடியிருப்பு இடிக்கப்பட்டு, 1897இல் அவ்விடத்தில் பூங்கா திறக்கப்பட்டது.

ஜார்ஜ் ஷிராஸ் என்பவரும் இங்கே குறிப்பிடத்தக்கவர். வழக்கறிஞராகவும் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்த அவருக்குப் புகைப்படம் பொழுதுபோக்கே. மிச்சிகன் மாநிலத்து ஏரியில் இரவுநேரத்தில் படகில் சென்று, முன்புறம் விளக்கைக் காட்டி, கரையில் மயங்கி நிற்கும் மான்களைப் பொடி வெளிச்சத்தில் படம் பிடித்தார். வேடர்கள் துப்பாக்கியோடு கையாண்ட அதே உத்தியை அவர் கேமராவோடு கையாண்டார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகரபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. துப்பாக்கி பிடித்த கை கேமரா பிடித்ததனால், மான் உயிரோடு காட்டுக்குத் திரும்பியது.

கண்ணாடிக் குமிழும் மின்னணுவும்

1929, 1930ஆம் ஆண்டுகளில் பிளாஷ் பல்பு வந்தது. கண்ணாடிக் குமிழுக்குள் ஆக்சிஜனை நிரப்பி, மெல்லிய அலுமினியத் தகட்டை வைத்து, மின்சாரத்தால் எரிப்பார்கள். புகையில்லை, தீப்பற்றும் அச்சமும் குறைந்தது. ஆனால் ஒரு பல்பு ஒரு படத்திற்குத்தான். சில வேளைகளில் குமிழ் வெடித்துச் சிதறும். அதைத் தடுக்கவே மேலே பூச்சு பூசினார்கள். எரிந்த பல்பை அவசரத்தில் கழற்றி விரலைச் சுட்டுக்கொண்டவர்கள் அக்காலத்தில் ஏராளம். 1965இல் நான்கு பல்புகளை ஒன்றாக அடக்கிய சதுரக் கட்டி வந்து, சாதாரணக் குடும்பங்களின் விருந்துகளுக்குள்ளும் புகுந்தது.

இதற்கிடையே 1931இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹரால்ட் எட்கர்ட்டன், வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி, நொடியின் மிகச்சிறு பகுதி மட்டும் நீடிக்கும் வெளிச்சத்தை உண்டாக்கினார். இன்று நம் வீட்டிலிருக்கும் பிளாஷ் அதன் வழித்தோன்றலே.

பெற்றோர் அறிய வேண்டியது

வாசகர்களே, இனி வருவதைச் சற்றுக் கவனமாகப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

சாதாரணப் பிளாஷ் கருவியில் நான்கு சிறு பேட்டரிகளைப் போடுகிறோம். அவற்றின் மொத்த அழுத்தம் 6 வோல்ட்தான். தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் சுவிட்சைப் போட்டதும் 'கீ...' என்று மெல்லிய ஓசை கேட்கிறதல்லவா? அப்போது உள்ளிருக்கும் மின்சுற்று அந்த ஆறு வோல்ட்டை ஏறத்தாழ 300 வோல்ட்டாக உயர்த்தி, மின்தேக்கி என்னும் உருளையில் சேமிக்கிறது. இதனை ஆங்கிலத்தில் கெபாசிட்டர் என்பர். பேட்டரியைக் கழற்றிய பின்னரும் அந்த மின்சாரம் அதிலேயே தங்கியிருக்கும். 'பேட்டரிதான் இல்லையே' என்று எண்ணி, பழுதான பிளாஷைத் திருகுளியால் திறப்பவர் உயிருக்கே தீங்கு விளையலாம். பிளாஷ் உள்ளடங்கிய சிறு கேமராக்களுக்கும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் கேமராக்களுக்கும் இது பொருந்தும். பள்ளி ஆய்வுப் பணிக்கென்று இவற்றைப் பிரிக்க முனையும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துங்கள்.

நெடுநாள் கிடந்த பிளாஷை மீண்டும் பயன்படுத்த விரும்பினால், முதலில் பேட்டரி அறையைப் பாருங்கள். வெண்ணிறமாகப் பூத்திருந்தால், பழைய பேட்டரியின் காரம் கசிந்திருக்கிறது என்று பொருள். கையுறை அணிந்து, சிறிது வினிகர் தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்கு உலரவிடுங்கள். பிறகு புதிய பேட்டரி போட்டு, விளக்கு எரிந்ததும் சில நிமிடங்கள் அப்படியே வைத்து, இடைவெளிவிட்டுச் சில முறை மின்னவிடுங்கள். கருவி சூடேறினாலோ, தீய்ந்த வாடை வந்தாலோ அத்தோடு நிறுத்திவிடுவதே நலம்.

இன்னொன்று. பழைய பிளாஷ்கள் சிலவற்றில், கேமராவைத் தொடும் முனையிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பழைய இயந்திரக் கேமரா அதனைத் தாங்கும். இன்றைய டிஜிட்டல் கேமராவின் மின்சுற்றோ கருகிவிடக்கூடும். வாப்பாவின் பிளாஷை மகனுடைய புதிய கேமராவில் சோதிக்காமல் மாட்டலாகாது.

கைநழுவும் படங்கள்

உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் உள்ளத்தை வருத்தும் விபத்துகளும் உண்டு. நிக்காஹ் மஜ்லிஸ் முழுவதையும் படம் பிடித்துவிட்டு, கழுவக் கொடுத்தால் வெற்றுச் சுருள் வந்து சேரும். பிலிமின் நாக்கு பற்சக்கரத்தில் சரியாக மாட்டாததே காரணம். படத்தை நகர்த்தும்போதெல்லாம், பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழும் சேர்ந்து சுழல்கிறதா என்று பார்த்தால் போதும். சுழலவில்லையெனில் உள்ளே பிலிம் நகரவில்லை.

சில படங்களில் ஒரு பாதி தெளிவாகவும் மறுபாதி கன்னங்கரேலென்றும் இருக்கும். இத்தகைய கேமராக்களின் ஷட்டர் இரண்டு திரைகளால் ஆனது. நொடியில் அறுபதில் ஒரு பங்கு போன்ற மெதுவான வேகத்தில் பிலிம் முழுவதும் ஒருசேரத் திறந்திருக்கும். வேகத்தைக் கூட்டினாலோ, திரைகளுக்கிடையே ஒரு கீற்று மட்டுமே திறந்தபடி நகரும். பிளாஷின் மின்னல் அந்தக் கீற்றில் மட்டும் படிகிறது. கேமராவின் வேகச் சக்கரத்தில் தனி நிறத்திலோ மின்னல் குறியோடோ உள்ள எண்ணைத் தாண்டாதிருப்பதே இதற்கு மருந்து.

குழுவாக நிற்கையில் முன்வரிசையினர் வெளுத்தும் பின்வரிசையினர் இருண்டும் போவதேன்? தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. இரண்டு மீட்டரில் நிற்பவர் பெறும் ஒளியில் கால்பங்கையே நான்கு மீட்டரில் நிற்பவர் பெறுகிறார். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கிப் பிளாஷ் அடிப்பது, முன்னால் இருப்போரின் முதுகுக்கே வெளிச்சம் தரும். இயன்றால் பிளாஷின் தலையை மேல்தளத்தை நோக்கித் திருப்புங்கள். ஒளி தளத்தில் பட்டுப் பரவி, முகங்களில் மென்மையாக விழும். கண்கள் சிவப்பதும் மூக்குக்கண்ணாடி பளிச்சிடுவதும் குறையும். ஆனால் தளம் வெள்ளையாக இருத்தல் வேண்டும். பச்சை வண்ணம் பூசியிருந்தால் மாப்பிள்ளையின் முகமும் பச்சையாகிவிடும்!

நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்று கேமராவுக்குப் பெரும் பகை. தோலுறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை படரும். உறையிலிருந்து எடுத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது சிறந்தது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவரும்போது, பிளாஸ்டிக் பையில் கட்டிச் சற்றுநேரம் பொறுத்தால் லென்ஸில் நீர் படியாது.

யார்மீது விழுகிறது வெளிச்சம்?

ரீஸ் செய்த நற்பணியை மறுப்பவர் இல்லை. எனினும், உறங்கிக் கொண்டிருந்த ஏழையின் அறைக்குள் அவர் அனுமதி கேட்டு நுழைந்தாரா என்னும் வினாவைப் பிற்காலத்தவர் எழுப்பவே செய்தனர். அந்த வினா இன்று நம்மை நோக்கியும் நிற்கிறது. அன்று எடுத்த படம் வீட்டு ஆல்பத்தில் அடங்கிக் கிடந்தது. இன்று எடுக்கும் படமோ, நொடியில் நூறு கைபேசிகளுக்குப் பறந்துவிடுகிறது. பெண்கள் கூடியிருக்கும் பகுதியிலும், நோயாளியின் கட்டிலருகிலும், உதவி பெற வந்து நிற்கும் எளியவர் முன்னிலையிலும், கேட்காமல் மின்னும் பிளாஷ் ஒரு மனிதரின் மானத்தைச் சுட்டுவிடும். தர்மம் செய்யும் காட்சியைப் படம் பிடிப்பவர்கள், கொடுப்பவரின் முகத்தை மட்டுமல்ல, வாங்குபவரின் முகத்தையும் ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும். 'எடுக்கலாமா?' என்று கேட்கும் பழக்கத்தை, கேமராவைக் கையில் கொடுக்கும் அன்றே பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடுவோம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். கேமராவைத் தேடிய அதே பெட்டியில் பழைய நெகட்டிவ்களும் இருக்கக்கூடும். அவற்றைச் சுருட்டி வைக்காமல், காகித உறைகளில் தட்டையாக அடுக்கி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களை உட்கார வைத்து, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு உறையின்மேல் எழுதிக்கொள்ளுங்கள். படத்தைப் பிறகும் பிரதி எடுத்துக்கொள்ளலாம். பெயர் சொல்லக்கூடிய நன்னியும் பாட்டனாரும் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவிடுவது நல்லது.