வானத்துக் கல்லா? ஊர்க் கல்லா?

நம்ம போச்சம்பள்ளியில் இருந்து பர்கூர் தாண்டிப் போனால் நாட்றம்பள்ளி வரும். 2016 பிப்ரவரி 6 அன்று அங்கே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய சத்தத்தோடு ஏதோ வெடித்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். கண்ணாடிகள் நொறுங்கின. தரையில் ஒரு குழி. அங்கே ஒரு சின்னக் கல்லும் கிடைத்தது. "விண்கல் விழுந்து ஆள் செத்துட்டார்" என்று உலகம் பூரா செய்தி பரவியது.

ஆனால் படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள். ஏன் தெரியுமா? சின்ன விண்கல் காற்றில் உரசி, வேகம் குறைந்துதான் விழும். தரையில் பட்டதும் வெடிக்காது, தீயும் பிடிக்காது. 2017 ஜூன் 6 அன்று ஜெய்ப்பூர் பக்கம் முகுந்த்புராவில் நிஜ விண்கல் விழுந்தது. சுமார் 2 கிலோ. வயலில் சின்னக் குழிதான் விழுந்தது.

அப்போ கல்லை எப்படிச் சோதிப்பார்கள்?

1. மேல்தோல்: காற்றில் உருகியதால் மெல்லிய கருப்புத் தோல் இருக்கும்.

2. காந்தம்: பெரும்பாலான விண்கற்களை இழுக்கும். ஆனால் இது மட்டும் போதாது. நம்ம ஊர் கருங்கல்லில் சிலதும், பட்டறைக் கசடும்கூட இழுக்கும்!

3. நிக்கல்: கல்லை மெல்லிசாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். விண்கல்லின் இரும்பில் நிக்கல் கலந்திருக்கும். பல விண்கற்களில் கடுகு போன்ற உருண்டைகளும் தெரியும்.

4. அலுமினியம்-26: விண்வெளிக் கதிர்கள் பட்டுக் கல்லுக்குள் உண்டாவது. புதிதாக விழுந்த விண்கல்லில் இதை அளக்கலாம்.

5. வயது: பெரும்பாலான விண்கற்களுக்குச் சுமார் 456 கோடி வருஷம்!

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கொல்கத்தாவில் விண்கற்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்திலும் இந்தச் சோதனைகள் நடக்கின்றன.

ஒரு கல்லுக்கு இவ்வளவு சோதனை எதுக்கு என்று கேட்கலாம். வெடித்தது வேறு ஏதோ பொருளாக இருந்து, நாம் வானத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டால், நிஜக் காரணத்தை யாரும் தேடமாட்டார்கள். நாளைக்கு இன்னொருத்தர் உயிர் போகும். நம்ம பக்கம் கல் குவாரிகள் நிறைய. குழியிலோ புதரிலோ ஒயர், குச்சி மாதிரி எது கிடந்தாலும் தொடாதீங்க. உடனே பெரியவங்ககிட்ட சொல்லுங்க.

செய்து பாருங்கள்: வித்தியாசமான கருப்புக் கல் கிடைத்தால் டைல்ஸின் சொரசொரப்பான பின்பக்கத்தில் தேயுங்கள். சிவப்பாகவோ கருப்பாகவோ நல்லா கோடு விழுந்தால் அது பெரும்பாலும் ஊர்க் கல்தான்!