இரும்புச் சட்டையும் மூன்று சாட்சிகளும்



2022ஆம் ஆண்டில் 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் வெளிவந்த பிறகு, தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர்களாகிய நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், சோழர் படைவீரர்கள் மெய்யாகவே இப்படித்தான் கவசம் போட்டிருந்தார்களா?" என்பதே அது. நல்ல கேள்விதான். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் நாடகம் போடும்போது, அட்டையை வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டி, கர்ணனுக்கும் அர்ச்சுனனுக்கும் கவசம் செய்தவர்கள்தாம் நாம். மேடைக்கு அது போதும். ஆனால் வரலாற்றுக்குப் போதுமா?

இந்தக் கேள்வியை விளையாட்டாக விட்டுவிடாமல், அதையே ஓய்வுநேரக் கலையாக எடுத்துக்கொண்டவர்கள் உலகில் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பகலில் அவர்கள் தச்சராகவோ எழுத்தராகவோ செவிலியராகவோ வேலை செய்பவர்கள். மாலையில் சுத்தியலும் குறடும் எடுத்து, அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட வீரன் அணிந்த சட்டையை, அவன் காலத்து முறையிலேயே செய்து பார்க்கிறார்கள். பிறகு ஒரு திடலில் கூடி, அந்தக் காலப் போரையும் சமையலையும் சந்தையையும் நடித்துக் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில் 1966ஆம் ஆண்டு, ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நடந்த விருந்திலிருந்து இப்படிப்பட்ட பெரிய சங்கம் ஒன்று வளர்ந்தது. போலந்து நாட்டில் 1410ஆம் ஆண்டு கிருன்வால்ட் என்னும் இடத்தில் நடந்த பெரும்போரை, 1998 முதல் ஜூலை மாதத்தில் அதே வெளியில் நடித்துக் காட்டிவருகிறார்கள்.

இவர்களில் கண்டிப்பானவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மனத்தில் தோன்றியபடி எதையும் செய்யமாட்டார்கள். ஒரு கவசம் செய்யுமுன் மூன்று சாட்சிகளைத் தேடுவார்கள். முதல் சாட்சி பொருள்: மண்ணிலிருந்தோ அரண்மனையிலிருந்தோ கிடைத்த மெய்யான கவசம். இரண்டாவது படம்: அந்தக் காலத்து ஓவியம் அல்லது சிற்பம். மூன்றாவது எழுத்து: அந்தக் காலத்தவர் எழுதிவைத்த குறிப்பு. மூன்றும் ஒத்துவந்தால் துணிந்து செய்வார்கள். ஒன்று மட்டும் இருந்தால் ஐயத்தோடு செய்வார்கள். ஒன்றுமே இல்லையென்றால் செய்யமாட்டார்கள்.

சரி, கவசத்தை எப்படிச் செய்கிறார்கள்? எளிய கருவிகளால் செய்யக்கூடியது வளையச் சட்டை. மலாய்மொழியில் 'பாஜு ராந்தாய்', அதாவது சங்கிலிச் சட்டை என்பார்கள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் மலாய்த் தீவுகளிலும் இது இருந்தது. முதலில் இரும்புக் கம்பியை ஓர் உருண்டைக் கோலின்மேல் நெருக்கமாகச் சுற்றுவார்கள். சுருள்வில் போல் ஆகும். அதை நீளவாக்கில் வெட்டினால் வளையங்கள் உதிரும். அவற்றைச் சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் இரும்பு இளகும். பிறகு வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தட்டையாக அடித்து, அங்கே சிறு துளையிட்டு, ஒரு வளையத்தை நான்கு வளையங்களுக்குள் கோத்து, அந்தத் துளையில் ஊசிமுனை போன்ற ஆணியைச் செருகித் தலையைத் தட்டிவிடுவார்கள். ஒரு வளையம் முடிந்தது!

ஒரு சட்டைக்கு இருபதாயிரம் வளையங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வளையத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் நாற்பதாயிரம் நிமிடங்கள். மணியாக்கினால் 666. வேலை முடிந்து வந்து இரவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 333 இரவுகள் வேண்டும். ஏறத்தாழ ஓர் ஆண்டு! அந்தக் காலத்தில் இது ஒரு பட்டறையில் பலர் பகிர்ந்து செய்த வேலை. கம்பி இழுப்பவர் ஒருவர், வளையம் வெட்டுபவர் ஒருவர், கோப்பவர் ஒருவர். அரசனின் பெயர் கல்வெட்டில் நிற்கிறது. இந்தக் கைகளின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. செய்து பார்க்கிறவனுக்குத்தான் அவர்களுடைய உழைப்பின் அளவு விளங்குகிறது.

இப்படிச் செய்து பார்ப்பதால் நூல்களில் கிடைக்காத செய்திகள் சில கிடைக்கின்றன. ஆணி அடிக்காமல் முனைகளை வெறுமனே முட்டவைத்த வளையங்களால் ஒரு சட்டை செய்து ஈட்டியால் குத்தினால், வளையம் வாய் திறந்து விடுகிறது. ஆணியடித்த வளையம் தாங்குகிறது. அத்தனை பாடுபட்டு ஆணியடித்தது ஏன் என்பது அப்போது புரிகிறது. வளையச் சட்டையின் எடை பத்து கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். அதைத் தோளில் மட்டும் தொங்கவிட்டால் சிறிது நேரத்தில் கழுத்து வலிக்கும். இடுப்பில் கச்சையை இறுக்கிக் கட்டினால் பாரம் இடுப்புக்கு இறங்கிவிடும். காண்டாக் கம்பில் பால்வாளிகளைச் சுமந்த நம் பெரியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொய்ச் செய்திகளும் இதனால் உடைகின்றன. ஐரோப்பிய வீரன் முழு இரும்புக் கவசம் அணிந்தால் பாரந்தூக்கி வைத்துத்தான் குதிரைமேல் ஏற்றவேண்டும் என்று பலர் நம்பினார்கள். 1944ஆம் ஆண்டின் 'ஐந்தாம் ஹென்றி' என்ற ஆங்கிலத் திரைப்படம் அந்த நம்பிக்கையைப் பரப்பிற்று. உண்மையில் பதினைந்தாம் நூற்றாண்டின் முழுக்கவசம் இருபது முதல் இருபத்தைந்து கிலோதான். எடை உடல் முழுவதும் பரவி நிற்பதால், அதை அணிந்தவன் ஓடலாம், விழுந்து எழலாம், தானே குதிரை ஏறலாம். அளவெடுத்துக் கவசம் செய்து அணிந்தவர்கள் இதைக் கண்முன்னே செய்துகாட்டிவிட்டார்கள்.

இனி நம் பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். தமிழ் வீரனுக்கு என்ன சாட்சி? எழுத்துச் சாட்சி மிகப் பழையது. பதிற்றுப்பத்தில் கவசத்துக்கு 'மெய்ம்மறை' என்ற அழகான சொல் இருக்கிறது. உடலை மறைப்பது என்பது பொருள். புறநானூற்றின் 13ஆம் பாட்டு, அம்புகள் பாய்ந்து கிழிந்த புலித்தோல் கவசம் அணிந்த ஒரு சோழ மன்னனைக் காட்டுகிறது. கவனியுங்கள், அது இரும்பு அன்று, தோல்! படச் சாட்சிக்கு, தருமபுரி, செங்கம் பகுதிகளின் நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்டு இறந்த வீரன் கையில் வில்லோ வாளோ ஏந்தி நிற்கிறான். உடம்பில் அம்பு தைத்திருக்கிறது. பெரும்பாலான கற்களில் மார்பு திறந்தே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும், இங்குள்ளவர்கள் வெற்றுடம்போடு வேலும் கேடயமும் மட்டும் ஏந்திப் போருக்குப் போகிறார்கள் என்று எழுதினார். அவர் அதை இகழ்ச்சியாகவே எழுதினார்.

இகழ வேண்டியதுதானா? இரும்பு தெரியாததால் நம்மவர் அப்படிப் போகவில்லை. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். வளையச் சட்டைக்கு அடியில் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கி கட்டாயம் வேண்டும். இல்லையேல் வெட்டு விழாவிட்டாலும் அடியில் எலும்பு முறியும். அந்த அங்கியும் இரும்பும் சேர்ந்து நண்பகல் வெயிலில் என்ன பாடுபடுத்தும் என்பதை அணிந்து பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வியர்வையில் இரும்பு துருவும் பிடிக்கும். வெப்ப நாட்டில் கால்நடையாகப் போகும் வீரனுக்கு விரைவும் ஒரு கவசந்தான்.

காலம் மாறியதும் உடையும் மாறிற்று. ஏறத்தாழ 1520இல் விசயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியரான தொமிங்கோ பயஸ், அங்குள்ள குதிரைவீரர்கள் உறுதியான தோலை அடுக்கி, இரும்புத் தகடு சேர்த்துத் தைத்த அங்கி அணிந்ததைக் கண்டு எழுதினார். ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் விடை இதுதான்: படை முழுவதும் தகதகக்கும் தகடு அணிந்து நின்ற காட்சி திரைக்கு உரியது. சாட்சிகள் காட்டுவது வேலும் வில்லும் வாளும் கேடயமும் ஏந்திய, உடலில் சுமை குறைந்த வீரனையே. கவசம் தலைவர்களுக்கும் பின்னாளில் குதிரைவீரர்களுக்கும் உரியதாக இருந்தது.

நாம் வாழும் மலாக்காவுக்கும் இதில் பங்கு உண்டு. சுங்கை ரம்பாயிலிருந்து மெர்லிமாவ் வழியாக மலாக்கா நகருக்குப் போகிறவர்கள் பழைய கோட்டை வாயிலைப் பார்க்காமல் வருவதில்லை. 1511ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் அல்புகெர்க்கின் படை இந்நகரைத் தாக்கிற்று. எதிரே யானைகளும் நச்சு அம்புகளும். அன்று அவர்கள் கப்பலுக்குத் திரும்ப நேர்ந்தது. ஆகஸ்டில் மீண்டும் வந்துதான் நகரைப் பிடித்தார்கள். இரும்புத் தொப்பியும் மார்புத் தகடும் பூண்டு இந்தக் கடலோர வெயிலில் நின்றவர்களின் நிலையை, செம்பனைக் குலை வெட்டும் நம்மவர்கள் நன்றாகவே எண்ணிப் பார்க்கலாம்.

நகரைக் கொள்ளையிட்ட பொருளை ஏற்றிச் சென்ற 'புளோர் டி லா மார்' என்ற கப்பல் அவ்வாண்டே சுமத்திரா அருகே மூழ்கிற்று. அதன் மாதிரிதான் 1994இல் திறந்த கடல்சார் அருங்காட்சியகமாக ஆற்றோரத்தில் நிற்கிறது. நீளம் 36 மீட்டர், உயரம் 34 மீட்டர். அதன் உள்ளே ஏறும்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மூலக் கப்பல் கடலடியில் போய்விட்டதே, இதைக் கட்டியவர்களுக்கு எந்தச் சாட்சி உதவியது?" எழுத்தும் படமும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பொருட்சாட்சி தப்பிப் பிழைத்தால் எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஒரு யானைக் கவசத்தைக் காட்டலாம். வட இந்தியாவில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டதாகக் கருதப்படுவது அது. சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி அதைத் தம்மோடு 1801இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இன்று லீட்ஸ் நகரின் அரச ஆயுத அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எஞ்சிய தகடுகள் 5,840, எடை 118 கிலோ. முழுமையாக இருந்தபோது 8,439 தகடுகளும் 159 கிலோவும் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பொருள் கையில் இருப்பதால்தான், காணாமற்போன தகட்டைக்கூட எண்ண முடிகிறது!

நேயர்களே, அரசர்களின் கவசத்துக்கு இவ்வளவு பேர் கவலைப்படுகிறார்கள். நம் தாத்தா பாட்டியின் கருவிகளுக்கு யார் கவலைப்படுவார்கள்? ரப்பர் இருந்த இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. விடியுமுன் நெற்றியில் கட்டிய விளக்கு, மரம் வெட்டிய உளி, பால் பிடித்த மங்கு, தோளில் சுமந்த காண்டாக் கம்பு ஆகியவை குப்பைக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. நாளைக்கு ஒரு படத்தில் நம் பாட்டியைப் பகலில், பளபளக்கும் சேலையில் பால்மரம் வெட்டுவதாகக் காட்டினால், அது பொய் என்று சொல்ல நம்மிடம் சாட்சி வேண்டாமா?

மூன்று சாட்சிகளும் இன்றைக்கு நம் வீட்டிலேயே இருக்கின்றன. பொருளைத் துடைத்து, எண்ணெய் தடவி, பத்திரமாக வையுங்கள். பழைய நிழற்படம் இருந்தால், பின்புறத்தில் பென்சிலால் ஆண்டையும் இடத்தையும் எழுதுங்கள். பாட்டி பேசும்போது பிள்ளைகளை ஏடும் கையுமாக உட்காரச் சொல்லுங்கள். உளியை எந்தச் சாய்வில் பிடித்தார்கள், பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று கேட்டு எழுதட்டும். பாட்டியால் முடிந்தால் கையைப் பிடித்துக் காட்டட்டும். சோழப் படையின் கொல்லனை இனி நாம் கேட்க முடியாது. பாட்டியைக் கேட்கலாம்.

கைவேலையில் ஆசையுள்ள பிள்ளைகள் வளையச் சட்டையின் ஒரு துண்டைச் செய்து பார்க்கலாம். கடையில் ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி வாங்கி, எட்டு மில்லிமீட்டர் கோலில் சுற்றி வெட்டிக்கொள்ளுங்கள். மூடிய நான்கு வளையங்களைத் திறந்த ஒரு வளையத்தில் கோத்து மூடுங்கள். இரண்டு மேலேயும் இரண்டு கீழேயுமாகப் பரப்பி, அடுத்ததைக் கோத்துக்கொண்டே போனால் உள்ளங்கை அளவு வலை ஒரு மாலையில் ஆகிவிடும். கம்பி வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். வேலிக்குப் பயன்படும் துத்தநாகம் பூசிய கம்பியை ஒருபோதும் நெருப்பில் காய்ச்சக்கூடாது. அதன் புகை காய்ச்சலும் மூச்சுத் துன்பமும் தரும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்தச் சிறு துண்டைப் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். அதோடு வீட்டிலுள்ள பழைய உளியோ மங்கோ இருந்தால் அதையும், பாட்டி சொன்னதை எழுதிய ஏட்டையும் கொண்டுவாருங்கள். மூன்றையும் ஒரே மேசையில் வைப்போம்.