முன்பணத்துக்கு முன் ஒரு தாள்: குரோய்டனில் புல் விதைக்கிறவர்களுக்கு

குளிர் விட்டதும் தோர்ன்டன் ஹீத், நோர்பரி, மேற்குக் குரோய்டன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே கதை நடக்கிறது. "பக்கத்துத் தெருவில் வேலை முடித்தோம், விதை மிச்சம் இருக்கிறது, உங்கள் பின்வளவையும் பச்சையாக்கித் தருகிறோம்" என்று ஒருவர் கதவைத் தட்டுகிறார். 700 பவுண், 800 பவுண் என்று பேசி, பாதியையோ முழுவதையுமோ கையில் காசாக வாங்குகிறார். மண்ணை மேலாகக் கிளறி விதையைத் தூவிவிட்டுப் போகிறார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வெடித்த களிமண்தான் கிடக்கிறது. கைபேசி எண் வேலை செய்யாது. முழுப் பெயர் தெரியாது. பற்றுச்சீட்டும் இல்லை.

இந்த விஷயத்தில் பிரித்தானியச் சட்டம் உங்கள் பக்கம்தான் உறுதியாக நிற்கிறது. ஆனால் சட்டத்தைப் பிடித்து நடக்க ஒரு பெயரும், ஒரு முகவரியும், ஒரு தாளும் வேண்டும். அவை இல்லாமல், காசும் போன பிறகு வந்து வழி கேட்பவர்களுக்குச் சொல்ல மிகக் கொஞ்சமே இருக்கிறது.

ஆகவே முதலில் தாள். வேலை செய்பவரின் முழுப் பெயர், தபால் முகவரி, மொத்த விலை, எத்தனை சதுர மீட்டர், மண்ணை எவ்வளவு ஆழம் கொத்துவார், எத்தனை கிலோ விதை போடுவார், தோண்டி எடுக்கும் மண்ணை யார் எங்கே கொண்டுபோவார், எந்தத் தேதிக்குள் முடிப்பார். இவ்வளவும் ஒரு மின்னஞ்சலில் அடங்கும். எழுதித் தர மறுப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். "தெரிந்த பொடியன்தான்", "கோயிலில் காண்கிற ஆள்தான்" என்பது தாளுக்கு ஈடாகாது. தெரிந்தவரிடம் ஏமாந்தவர்கள்தான் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு முழுக் காசையும் இழக்கிறார்கள்.

2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, வீட்டு வாசலில் வைத்துப் பேசி முடித்த 42 பவுணுக்கு மேற்பட்ட வேலையை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். இந்த உரிமையை எழுத்தில் தெரிவிப்பது வேலை எடுப்பவரின் கடமை. தெரிவிக்காமல் விடுவது குற்றம். அப்படி விட்டால் ரத்துக் காலம் 12 மாதம் வரை நீளும். 14 நாள் முடியுமுன்பே தொடங்கச் சொல்லி நீங்கள் எழுத்தில் கேட்டிருந்தால்தான், இடையில் நிறுத்தும்போது அதுவரை நடந்த வேலைக்குக் காசு கொடுக்க வேண்டும். அதனால் "இன்றைக்கே தொடங்கலாம்" என்று அவசரப்படுத்துபவரிடம் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

கையில் காசாகக் கொடுக்காதீர்கள். வேலையின் விலை 100 பவுணைத் தாண்டி 30,000 பவுணுக்குள் இருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கிரெடிட் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. அதில் 50 பவுணை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் போதும். வங்கிப் பரிமாற்றத்துக்கு இந்தக் காப்பு இல்லை. 2024 அக்டோபரில் வந்த புதிய விதிகள் மோசடிக்குப் பலியானவர்களுக்கு வங்கி பணத்தைத் திருப்பித் தரச் சொல்கின்றன. மோசமாகச் செய்த வேலைக்கு அவை பொருந்தா.

வேலை மோசம் என்று எப்படிக் காட்டுவது? 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், எந்த வேலையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் நடக்க வேண்டும் என்கிறது. புல் விதைப்புக்கு அந்த அளவுகோல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மண்ணைக் கொத்தி, கல்லும் களையும் எடுத்து, மிதித்து இறுக்கி, வாரி மட்டப்படுத்திய பிறகே விதை விழ வேண்டும். செப்டெம்பரை ஒட்டிய முன் இலையுதிர் காலமும் ஏப்ரலை ஒட்டிய நடு வசந்தமும்தான் பருவம். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 35 முதல் 50 கிராம் விதை வேண்டும்; 60 சதுர மீட்டர் வளவுக்கு 2 முதல் 3 கிலோ. வெறும் விதைப் பைகளைக் குப்பையில் போடாதீர்கள், எவ்வளவு விதை விழுந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. விதைக்குமுன் ஒரு படம், விதைத்த அன்று ஒரு படம், பிறகு வாரம் ஒன்று. ஈரம் காயாமல் பார்த்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும். ஜூலை வெயிலில், கிளறாத களிமண்மேல் விதையைத் தூவியவர் பழியை வானிலைமேல் போட முடியாது.

முளைக்காவிட்டால் தொலைபேசியில் சண்டை பிடிக்காதீர்கள், எழுதுங்கள். என்ன பேசினோம், எவ்வளவு கொடுத்தோம், என்ன தவறு, என்ன வேண்டும் (மறுபடி செய்து தருவதா, விலையைக் குறைப்பதா), பதிலுக்கு 14 நாள். படங்களை இணைத்து அனுப்புங்கள். அடுத்தது சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண், 0808 223 1133. அழைப்பு இலவசம். டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகளுக்கு முறைப்பாடு போவதும் அந்த வழியாகத்தான். ஆங்கிலம் தடுமாறும் முதியவரை ஒரு இணையப் படிவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் அலுவலகங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அழைத்த தேதியையும் குறிப்பு எண்ணையும் எழுதி வைத்திருப்பவரைத் தள்ளிவிடுவது அத்தனை சுலபமில்லை. எழுதி வையுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் அரசின் இணையதளத்தில் சிறு வழக்கு போடலாம். உச்ச வரம்பு 10,000 பவுண். வழக்கறிஞர் தேவையில்லை. வென்றால் நீதிமன்றக் கட்டணத்தையும் எதிராளியிடமிருந்து கேட்கலாம். 2024 மே முதல் இத்தகைய வழக்குகளில் தொலைபேசியில் ஒரு மணி நேர இலவசச் சமரசப் பேச்சு கட்டாயம்; அதைத் தவறவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் நீதிபதி முன் விசாரணை. குரோய்டனில் கவுன்டி நீதிமன்றம் அல்டயர் ரோட்டில் இருக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: எதிராளியின் முகவரி இல்லாமல் வழக்கே தொடங்காது.

தோண்டிய மண்ணில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய புல்லையும் மண்ணையும் வானில் ஏற்றிப் போனவர் அதை ஏதாவது ஒரு சந்தில் கொட்டினால், பதில் சொல்ல வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர். 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வீட்டிலிருப்பவர்மேலும் கடமையைச் சுமத்துகிறது. மீறினால் 600 பவுண் வரை அபராதம் வரலாம். குப்பை ஏற்றுபவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். அது சி.பி.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும். சுற்றுச்சூழல் முகமையின் இணையப் பதிவேட்டில் அதைச் சரிபார்த்து, வாகன இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களே கொண்டுபோவதானால் ஃபாக்டரி லேன், பர்லி ஓக்ஸ், ஃபிஷர்ஸ் ஃபார்ம் மையங்கள் இருக்கின்றன. எவ்வளவு மண் எடுப்பார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. 2022இல் தேம்ஸ் வாட்டர் ஆகஸ்ட் 24 முதல் நவம்பர் 22 வரை ஹோஸ் பாவிக்கத் தடை போட்டது. இலையுதிர் கால விதைப்புப் பருவம் முழுவதும் அதற்குள் போனது. தடையை மீறினால் 1,000 பவுண் வரை தண்டம். பூவாளியால் ஊற்றத் தடையில்லை. தெற்குக் குரோய்டனில் சிலருக்குத் தண்ணீர் தருவது எஸ்.இ.எஸ். வாட்டர், அதனால் பில்லைப் பார்த்து உங்கள் நிறுவனத்தின் அறிவிப்பையே படியுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு பிடி விதையும் போடாதீர்கள். சொந்தக் காசில் புல் வளர்த்தவரிடமே, வீடு விடும்போது "வளவு பழையபடி இல்லை" என்று டெபாசிட்டில் பிடித்த கதைகள் உண்டு. குடிபுகும்போது வளவையும் படமெடுத்து, இன்வென்டரியில் சேர்க்கச் சொல்லுங்கள். டெபாசிட் வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் அது பாதுகாக்கப்பட வேண்டும். தவறினால் அந்தத் தொகையின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றத்தில் கேட்கலாம். தான் சொல்லும் தோட்டக்காரருக்கே காசு கட்டு என்று வீட்டுக்காரர் கட்டாயப்படுத்துவதை 2019ஆம் ஆண்டின் வாடகைக்காரர் கட்டணச் சட்டம் தடுக்கிறது. வளவுக்கென்று டெபாசிட்டில் பிடித்தால், டெபாசிட் இருக்கும் திட்டத்தின் இலவசத் தீர்வுப் பிரிவுக்குப் போங்கள். சேதத்தை நிரூபிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு, உங்களுடையதல்ல. வழக்கமாக வீடு விட்ட 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்காரர் நல்லபடியாகப் பேசுகிறார் என்று அந்த 3 மாதத்தையும் கடத்திவிடாதீர்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே படிவத்தை அனுப்பிவிடுங்கள்.